தொண்ணூற்றொன்பது வருடக் குளம்

ஹாலண்டேல், ஃபுளோரிடா
11 நவம்பர் 1973

அன்புத் தம்பி ஹைமிக்கு,

அக்கா மின்னா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் நெஞ்சுச் சளி இறங்கியதா? நான் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா, அல்லது பெட்டியைத் திறந்து அழகு மட்டும் பார்க்கிறாயா? இரண்டுக்கும் பதில் வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. உன் அத்தான் லூயி நேற்றுக் குளத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை கைப்பிடியைத் தொடாமல் நடந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து தரையில் அவர் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். மார்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டால் அந்த இடது காலுக்குத் தன் வேலை ஞாபகம் வந்துவிடுகிறது. டாக்டர் சொன்னதும் இதுதான். தினமும் தண்ணீரில் நடந்தால் கால் நிலைக்கும், விட்டால் போய்விடும். சேமிப்பையெல்லாம் கொட்டி இந்த அடுக்குமாடியில் வீடு வாங்கியதே கீழே இருக்கும் அந்தக் குளத்துக்காகத்தான் என்று உனக்குத் தெரியும்.

இனிக் கெட்ட செய்தி. நீ கோட்டுக் கம்பெனியில் துணி வெட்டியவன், அதனால் கோட்டு வைத்தே சொல்கிறேன். நீ ஒரு கடையில் கோட்டு வாங்குகிறாய். முழு விலையும் கொடுத்துவிட்டாய். வீட்டுக்கு வந்த பிறகு கடைக்காரர் சொல்கிறார்: "கோட்டு உங்களுடையது, பொத்தான்கள் என்னுடையவை. தொண்ணூற்றொன்பது வருடத்துக்கு மாதாமாதம் பொத்தான் வாடகை தர வேண்டும். பொத்தான் போட்டாலும் போடாவிட்டாலும் தர வேண்டும். ஊரில் ரொட்டி விலை ஏறினால் வாடகையும் ஏறும். பொத்தான் தெறித்தால் தைப்பது உங்கள் செலவு. வாடகை நின்றால் கோட்டை எடுத்துக்கொள்வேன்." இதற்கு யார் சம்மதித்தது என்று கேட்கிறாய். "நீங்கள் கடைக்குள் வருவதற்கு முன்பே உங்கள் சார்பில் என் ஆளே கையெழுத்துப் போட்டுவிட்டான்" என்கிறார்.

எங்கள் நீச்சல் குளம் அந்தப் பொத்தான். குளமும் அதை ஒட்டிய சீட்டாட்டக் கூடமும் கட்டடம் கட்டிய மிஸ்டர் ஹாலோவே பெயரில் இருக்கின்றன. எங்களுக்கு அவை குத்தகைக்குத்தான். நாங்கள் யாரும் வந்து சேரும் முன்பே, குடியிருப்போர் சங்கம் என்று பேர் வைத்து அவருடைய ஆட்களே இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். விலைவாசி ஏறியதால் வாடகையும் ஏறுகிறது என்று இந்த மாதம் அறிவிப்பு வந்திருக்கிறது. எங்கள் ஓய்வூதியம் ஏறாது.

மூன்றாம் மாடி கஸ்ஸி ராபினோவ் கூட்டம் போட்டாள். வாழ்நாளெல்லாம் பிளவுஸ் தொழிற்சாலையில் உட்கார்ந்து தைத்து, யூனியனில் நின்று பேசியவள். "நமக்கே கண்ணு தெரியல, சின்ன எழுத்த யாரு படிச்சா? வக்கீல் படிச்சார்னு சொன்னாங்க. அந்த வக்கீலுக்கு யாரு காசு குடுத்தா? அவனேதான் குடுத்தான்," என்றாள். எல்லோரும் கோபமாக இருக்கிறோம். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உனக்கு இதில் அனுபவம் உண்டு. யோசித்து எழுது.

குளிருக்குள் அலையாதே.

உன் அக்கா,
மின்னா

*

பிராங்ஸ், நியூயார்க்
20 நவம்பர் 1973

அக்காவுக்கு ஹைமி,

சளி நெஞ்சுலேர்ந்து இறங்கிருச்சு, இப்ப முழங்கால்ல குடியிருக்கு. சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் எழுதறேன். கைதான் கொஞ்சம் நீளம். எனக்குப் பின்னினியா, குரங்குக்குப் பின்னினியா? அத்தான் தண்ணியில நடந்தாருன்னு படிச்சதும் அடுப்பங்கரையில நானே ரெண்டு சுத்து நடந்தேன்.

பொத்தான் விஷயத்த சீட்டாடற இடத்துல படிச்சுக் காட்டினேன். ஒருத்தரும் நம்பல. இப்படிக்கூடச் சட்டம் இருக்குமாங்கறாங்க. இருக்கும்னேன். ஏமாத்தறவனுக்கு இங்க எப்பவும் நல்ல பேப்பர் கிடைக்கும்.

என்ன செய்யறதுன்னு கேட்ட. தனியா ஒருத்தர் வாடகைய நிறுத்தினா அவரு கடன்காரர். கட்டடம் முழுக்க நிறுத்தினா அது வேலைநிறுத்தம். அதனால எல்லாருமா நிறுத்துங்க. ஆனா பணத்தச் செலவு பண்ணிடாதீங்க. ஒரு வக்கீலப் புடிச்சு அவர்கிட்ட மொத்தமாக் கட்டி வைங்க. நாளைக்கு ஜட்ஜு கேட்டா, "பணம் இருக்கு, நியாயம்தான் இல்ல"ன்னு சொல்லலாம்.

அடுத்தது மறியல். மறியல் இல்லாத வேலைநிறுத்தம் வெறும் லீவு. அட்டை எழுதிக்கிட்டு குளத்து வாசல்ல சுத்தி வாங்க. ஒரு ஆள் தாண்டி உள்ள போகக்கூடாது. உன் குளமும் வேணாம் நீயும் வேணாம்னு இவங்க நிக்கறத அந்த ஆளு பாக்கணும்.

அந்த கஸ்ஸிய எனக்கு இப்பவே புடிச்சிருக்கு. கல்யாணம் ஆனவளா?

தம்பி,
ஹைமி

*

ஹாலண்டேல்
16 டிசம்பர் 1973

அன்புத் தம்பிக்கு,

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள். அது குளிர் கூடும்போது இறக்கிவிடுவதற்காக வைத்த நீளம். இங்கே வெயில் இதமாக இருக்கிறது. உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா? கஸ்ஸி விதவை. நீ கேட்டதை அவளிடம் சொன்னேன். "முதல்ல முழங்கால சரி பண்ணிக்கச் சொல்லு," என்றாள்.

ஹைமி, நீ இங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும். நீ சொன்னபடியே செய்தோம். வாடகை இப்போது வக்கீலிடம் போகிறது. காலையில் ஒன்பது மணி ஆனதும் கஸ்ஸி விசில் ஊதுகிறாள். கண்புரை எடுத்தவர்கள், இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், காது கேட்காதவர்கள் எல்லோரும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இறங்கி வந்து குளத்து வாசலில் வட்டமாக நடக்கிறார்கள். பள்ளியில் இத்தனை வருடம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் பாடுபட்டவள் நான். இப்படி ஓர் ஒழுங்கைப் பார்த்ததில்லை. என் கோட்டு உதாரணம் கஸ்ஸிக்குப் பிடித்துப்போய் அட்டையிலேயே எழுதிவிட்டாள்: "பொத்தானுக்கு வாடகை தரமாட்டோம்." தெருவில் போகிறவர்கள் எங்களை ஓய்வுபெற்ற தையல்காரர்கள் என்று நினைக்கிறார்கள். பாதிப் பேர் அப்படித்தான் என்பதால் நாங்கள் மறுப்பதில்லை.

போன வாரம் ஹாலோவேயின் விற்பனை ஆள் வீடு காட்ட ஒரு தம்பதியை அழைத்து வந்தான். அந்தப் பெண்மணி, "ஏன் எல்லாரும் கோவமா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"கோவமெல்லாம் இல்லம்மா. உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்றாள் கஸ்ஸி.

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. அதத் தெரிஞ்சுக்காம இருக்கறதுக்கு மாசாமாசம் வாடகை குடுக்கறேன். என் பேரன் தாத்தா ஆகறவரைக்கும் குடுக்கணுமாம். உள்ள போய்ப் பாருங்க, சமையலறை நல்லா இருக்கும்."

அவர்கள் சமையலறையைப் பார்க்கவில்லை. காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

குளத்துக்குள் ஒருவரும் போவதில்லை. தண்ணீர் அசையாமல் இருக்கிறது. பனை மரங்கள் அதில் தலைகீழாக முழுசாகத் தெரிகின்றன. லூயி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அட்டை பிடிக்கிறார். நின்றுகொண்டுதான் பிடிப்பேன் என்றார். நாங்கள் விடவில்லை.

இந்த வாரம் ஹனுக்கா பண்டிகை விளக்கை ஏற்றும்போது உன் பேரைச் சொல்லிக்கொள்வேன்.

மின்னா

*

பிராங்ஸ்
4 ஜனவரி 1974

அக்காவுக்கு,

புது வருஷம் உங்க ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம போகட்டும். இங்க பெட்ரோலுக்கு வரிசை. எனக்குக் காரே இல்ல, இருந்தாலும் ஒரு நாள் போய் நின்னேன். பேச்சுத் துணைக்கு நல்ல ஆளுங்க இருக்காங்க.

குளம் காலியா கிடக்கா? சபாஷ். உன் கடுதாசிய இங்க ரெண்டு தெரு படிச்சிருச்சு. அத்தான் உக்காந்துக்கிட்டாவது அட்டை புடிக்கறாரே, அவரு வேற எப்படி இருப்பாரு? உங்க கல்யாணத்த நெனச்சுச் சிரிச்சேன். மண்டபத்துல பரிமாறறவங்க வேலைநிறுத்தம்னு மாப்பிள்ளை வாசல்லயே நின்னுட்டாரே. ரபி வெளிய வந்து நடைபாதையில வச்சுக் கல்யாணம் பண்ணி வச்சாரு. சாகறவரைக்கும் அப்பா சொல்லிக்காட்டினாரு, "என் பொண்ண ட்ராம் வண்டிக்குப் பக்கத்துல குடுத்தேன்"னு. பேகல் ரொட்டி சுடறவங்க யூனியன்ல அத்தான மாதிரி ஒருத்தர் இருந்தாரா?

அவர ஒரு வரி எழுதச் சொல்லேன். அந்த ஊரு பேகலத் திட்டியாவது எழுதட்டும்.

ஹைமி

*

ஹாலண்டேல்
10 பிப்ரவரி 1974

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். முழங்கால் எப்படி இருக்கிறது? பெட்ரோல் வரிசையில் நின்று அதைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஹாலோவே தரப்பு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. வாடகை நிறுத்தியவர்களில் சிலருடைய வீடுகளை ஜப்தி செய்யக் கேட்டிருக்கிறார்கள். முதல் பட்டியலில் எங்கள் வீடும் இருக்கிறது. பயப்படாதே, வக்கீல் நல்லவர். ஒரு வேடிக்கை கேள். நாங்கள் யாருக்கு எதிராக நிற்கிறோம் என்று அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். குத்தகைக்குக் கொடுத்தவர் ஹாலோவே. வாங்கிய சங்கத்தின் அன்றைய தலைவர் ஹாலோவேயின் மைத்துனர். சாட்சி, ஹாலோவேயின் காரியதரிசி. ஒரே பையன் மூன்று பேருடைய வீட்டுப்பாடத்தையும் எழுதிக்கொண்டு வந்தது போல் இருந்தது எனக்கு. கையெழுத்துகூட ஒரே பேனா.

மறியல் ஒரு நாளும் நிற்கவில்லை. ஆரஞ்சுப் பழம் மலிவாகக் கிடைக்கிறது. குளிக்கும் அறையில் ஒரு கைப்பிடி பொருத்தினோம், வசதியாக இருக்கிறது. கஸ்ஸி அடிக்கடி சூப் கொண்டுவருகிறாள். அவள் வைக்கும் சூப் சுமார்தான், ஆனால் அந்த மனசுக்கு நான் தலை வணங்குகிறேன். இன்று காற்று அதிகம்.

லூயி உன்னை விசாரித்தார்.

மின்னா

*

பிராங்ஸ்
3 மார்ச் 1974

அக்கா,

எனக்கு ஒண்ணும் இல்ல. என்னப் பத்திக் கேக்கறத விடு.

எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தது நீ. ஒரு வரிசை எண்ண எழுதி, நடுவுல ஒண்ண அழிச்சுட்டு, "அழிச்சது என்ன, சொல்லு"ன்னு கேப்ப. நானும் அதுமாதிரி உன் கடுதாசிங்கள வரிசையா வச்சுப் பாத்தேன். நவம்பர்ல முழுக்க அத்தான் கால். டிசம்பர்ல நாற்காலி. பிப்ரவரியில குளிக்கற அறையில கைப்பிடி, கஸ்ஸி வீட்டு சூப், காத்து. கால எங்க காணோம்?

போன் பண்ணினேன். வெயிலப் பத்திப் பேசிட்டு, காசு ஏறுதுன்னு வச்சுட்ட.

நான் மறியல் போடச் சொன்ன நாள்லேர்ந்து அவரு தண்ணியில இறங்கலையா அக்கா? இறங்கலன்னா அந்தக் கால் என்ன ஆச்சு?

பதில் எழுது. சின்னதா இருந்தாலும் போதும்.

ஹைமி

*

ஹாலண்டேல், ஃபுளோரிடா
1 ஏப்ரல் 1974

மிஸ்டர் ஹைமி அவர்களுக்கு,

நீங்க சுகமா இருக்கணும். நான்தான் கஸ்ஸி ராபினோவ். உங்களுக்கு எழுத மாட்டேன்னு உங்க அக்காவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். இப்ப எழுதறேன். சத்தியத்த நான் பாத்துக்கறேன்.

உங்க கடுதாசி சமையலறை மேஜையில ஒரு மாசமாக் கிடக்கு. மின்னா அதத் தூசு தட்டி வைக்கறா, பதில் எழுத மாட்டேங்கறா. எழுதினா உண்மைய எழுதணும், எழுதினா நீங்க ஒடிஞ்சு போவீங்கன்னு பயம்.

லூயி பிப்ரவரி தொடக்கத்துல குளிக்கற அறையில விழுந்தாரு. எலும்பு தப்பிச்சுது, ஆனா அந்தக் கால் போச்சு. இப்ப சக்கர நாற்காலி. டாக்டர் வந்து, "தண்ணியில நடக்கறாரா?"ன்னாரு. "இல்ல"ன்னோம். "அப்பறம் என்னய எதுக்குக் கூப்பிட்டீங்க?"ன்னுட்டுப் போயிட்டாரு.

நாங்க சொல்லாமயா இருந்தோம்? கூட்டம் போட்டு ஓட்டெடுத்தோம். லூயி மட்டும் உள்ள போகலாம்னு எல்லாரும் கை தூக்கினாங்க. நானே போய்ச் சொன்னேன்: "லூயி, மறியல் கமிட்டித் தலைவி சொல்றேன், உங்களுக்கு அனுமதி."

அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "கஸ்ஸி, எங்க பேக்கரி வாசல்ல நாங்க மறியல் பண்ணினப்ப உள்ள போனவன் எல்லாருமே அனுமதி வாங்கித்தான் போனான். ஒருத்தனுக்குப் பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்ல, ஒருத்தனுக்கு வாடகை பாக்கி. காரணம் இல்லாதவன் யாரு?"

சரி, மறியலையே எடுத்துடறோம்னேன். "ஒரு மனுஷன் காலுக்காகவா? நாளைக்கு ஜட்ஜுகிட்ட என்ன சொல்வீங்க?"ங்கறாரு. தினம் காலையில சக்கர நாற்காலியில வந்து அட்டை புடிக்கறாரு. அவருக்கு முன்னாடியே அந்தத் தண்ணி கிடக்கு. எனக்கு விசில் ஊத வாய் வரல.

ஹாலோவே ஆளுங்களுக்கு இதுல சந்தோஷம். குளத்துல யாரும் இறங்கலன்னா அவனுக்கு என்ன நஷ்டம்? குளத்துச் செலவும் நம்மதுதானே. இத ஆரம்பத்துலயே நாம யோசிச்சிருக்கணும். நமக்கு மறியல்னா வாசல்தான் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது.

யோசனை உங்களோடது. உங்க மேல கோவம் இல்ல, நானும்தான் விசில் ஊதினேன். ஆனா திரும்பவும் யோசிங்க.

கஸ்ஸி

*

பிராங்ஸ்
9 ஏப்ரல் 1974

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இந்தக் கடுதாசிய அத்தான், கஸ்ஸி ரெண்டு பேரு முன்னாடியும் சத்தமாப் படி. கஸ்ஸிய ஒண்ணும் சொல்லாத. அவ சரியாத்தான் செஞ்சிருக்கா. பண்டிகைச் சாப்பாட்டு மேஜையில எனக்கு எதுத்தாப்புல உங்க ரெண்டு பேரு நாற்காலியும் காலியா இருந்துது. பாத்துக்கிட்டே யோசிச்சேன்.

அத்தான், நீங்க மறியலத் தாண்ட மாட்டீங்க. தாண்டச் சொல்லல. சொன்னா என் முகத்துலயே முழிக்க மாட்டீங்க. ஆனா ஒரு கேள்வி. எங்க கோட்டுக் கம்பெனி மறியல்ல பனி கொட்டினப்ப, நாங்க வட்டத்த அப்படியே கட்டடத்தோட முன்கூடத்துக்குள்ள நகத்திக்கிட்டுப் போனோம். அட்டையோட, பாட்டோட. காவக்காரன் வந்து, "உள்ள வந்துட்டீங்களே, மறியலத் தாண்டிட்டீங்களே"ன்னு கேலி பண்ணினான். எங்க தலைவர் சொன்னாரு: "மறியல் எங்க நடக்குதோ அங்கதான் இருக்கு. அதுல நடக்கறவன் எதையும் தாண்டல."

அந்தக் குளம் யாரு பேருல இருக்கோ, அவரோட மூக்குக்குக் கீழயே மறியல் பண்ணுங்க. வாசல்ல இல்ல, தண்ணிக்குள்ள. மார்பளவு ஆழத்துல, வட்டமா, அட்டையத் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு. கஸ்ஸி, வட்டத்த உள்ள நகத்துங்க.

அத்தான், இது அனுமதி இல்ல, வேலை. உங்களுக்கு ஒன்பதுலேர்ந்து பத்து வரைக்கும். உடம்பு சரியில்லன்னு லீவு கேட்டா குடுக்கக் கூடாதுன்னு கஸ்ஸிகிட்ட சொல்லியிருக்கேன்.

அக்கா, என்கிட்ட ஏன் சொல்லலன்னு கேக்க மாட்டேன். தெரியும்.

ஹைமி

*

ஹாலண்டேல்
19 மே 1974

அன்புத் தம்பிக்கு,

நீ நூறு வருடம் இருக்க வேண்டும். அதற்கு மேலும் கொஞ்சம். உன் கடிதத்தைப் படித்து முடித்தபோது லூயி அதை என் கையிலிருந்து வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "உன் தம்பிக்குக் கோட்டு வெட்டத் தெரியும்," என்றார். "என் நீச்சல் உடை எங்கே?" என்று கேட்டார்.

முதல் நாளை எப்படிச் சொல்வேன். விசில் ஊதியது. வட்டம் வாசலில் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு கஸ்ஸி அப்படியே வாசலுக்குள் திரும்பினாள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் விசில், கையில் அட்டை. பின்னால் ஒவ்வொருவராகப் படி இறங்கினோம். தண்ணீர் என்றால் கஸ்ஸிக்கு உயிர் போகும் பயம் என்று எனக்குத் தெரியும். முதல் படியில் ஒரு கையால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். நிற்கவில்லை. இடுப்பு வரை இறங்கித் திரும்பி, "யாராவது என்னப் பாத்தா கொன்னுடுவேன், நேராப் பாத்து நடங்க," என்றாள். இரண்டு பேர் லூயியை நாற்காலியிலிருந்து தாங்கி இறக்கினார்கள். அவர் கழுத்தில் அட்டையை மாட்டினோம். அந்த இடது கால் தண்ணீருக்குள் தடவித் தடவித் தரையைத் தேடியது. கிடைத்தது. ஹைமி, நான் அழவில்லை. முகத்தில் இருந்தது குளத்துத் தண்ணீர்.

அவர் விழுந்ததைச் சொல்லாதது தப்பு. நீ அங்கே தனியாக இருக்கிறாய். உன் யோசனைதான் அவர் காலை எடுத்தது என்று நீ தனியாக உட்கார்ந்து நினைப்பாயே என்று எழுதவில்லை. எங்கள் தவறும் அதில் சரிபாதி.

இப்போது தினமும் நடக்கிறோம். ஹாலோவேயின் ஆள் வந்து எங்களைப் படம் பிடித்துக்கொண்டு போனான். அவர்களுடைய வாதம் இதுதான்: குளத்துக்குள் இறங்கிவிட்டோம், அப்படியென்றால் குளத்தை அனுபவிக்கிறோம், அனுபவித்தால் குத்தகையை ஒப்புக்கொண்டோம், ஆகவே வாடகை தர வேண்டும், தராததால் வீட்டை எடுக்கலாம். எங்கள் வக்கீல் முகம் கொஞ்சம் வாடிப்போனது. லூயியைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். படத்தில் முன்னால் நிற்பவர் அவர்தான். வாய் இன்னும் ஒரு பக்கம் இழுக்கிறது, பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. வாய்தா ஆகஸ்டில்.

உன் கம்பளிச் சட்டையைக் கழற்றித் துவைத்துவிடு. வெந்நீரில் போடாதே.

மின்னா

*

ஹாலண்டேல்
18 ஆகஸ்ட் 1974

அன்புத் தம்பிக்கு,

அங்கே வெயில் கடுமை என்று செய்தியில் சொன்னார்கள். நிறையத் தண்ணீர் குடி. நாங்கள் நலம். இந்த முறை அந்தச் சொல்லை நம்பலாம், லூயி சக்கர நாற்காலியை விட்டுவிட்டார். நான்கு கால் கைத்தாங்கிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டு வரை அப்படித்தான் போனார். அறை முழுவதும் காத்திருந்தது. ஜட்ஜும் அவசரப்படுத்தவில்லை.

ஹாலோவேயின் வக்கீல் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். படத்தைக் காட்டினார்.

"இது நீங்கதானே?"

"நான்தான்."

"குளத்துல இருக்கீங்க."

"ஆமா."

"அப்ப குளத்த அனுபவிக்கறீங்க."

"இல்ல. வேலை பாக்கறேன்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. ஜட்ஜ் பென்சிலால் மேஜையைத் தட்டினார். வக்கீல் விடவில்லை. "தண்ணி இதமா இருக்கு, கால் குணமாகுது. அது அனுபவம் இல்லையா?" என்றார்.

லூயி யோசித்தார். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "தம்பி, முப்பது வருஷத்துக்கு மேல பேகல் அடுப்புக்குப் பக்கத்துல நின்னேன். வெளிய பனி கொட்டும். உள்ள கதகதன்னு இருக்கும். நான் குளிர் காயறேன்னு முதலாளி என்கிட்ட ஒரு நாளும் வாடகை கேக்கல."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வக்கீல், "வேறு கேள்வி இல்லை," என்று உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு என்று சொல்ல முடியாது. இடைக்கால உத்தரவுதான். வாடகைப் பணம் இனி நீதிமன்றத்தில் சேர வேண்டும். வழக்கு முடியும் வரை ஒரு வீட்டையும் ஜப்தி செய்யக் கூடாது. குளத்தில் நடந்ததை வைத்துக் குத்தகையை ஒப்புக்கொண்டதாகச் சொல்ல முடியாது. ஒரே ஆள் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டது செல்லுமா என்பதைப் பிறகுதான் விசாரிப்பார்கள். அதற்கு எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. குத்தகை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. எங்கள் கூரையும் இருக்கிறது. லூயியின் தண்ணீரும் இருக்கிறது.

வெளியே வந்ததும் கஸ்ஸி அவருக்கு ஒரு சலாம் போட்டாள். அவர், "நாளைக்கு ஒன்பது மணிக்குத்தானே?" என்று கேட்டார்.

மின்னா

*

பிராங்ஸ்
2 செப்டம்பர் 1974

அக்காவுக்கு,

நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் தன் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கு. அடுப்புக் கதைய சீட்டாடற இடத்துல மூணு தடவ சொல்ல வச்சாங்க. ரிட்டயர் ஆன பேகல்காரர் ஒருத்தர் எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. கண்ணத் துடைச்சுக்கிட்டுத் திரும்பி வந்தாரு. அத்தான்கிட்ட சொல்லு.

இந்தக் குளிர் காலத்த அங்க கழிக்கலாம்னு பாக்கறேன். அக்டோபர் கடைசியில பஸ்ல வரேன். சோஃபாவுல படுத்துக்குவேன். எனக்கு நீச்சல் தெரியாது, நடந்தாப் போதும்னு கேள்விப்பட்டேன். கஸ்ஸிகிட்ட ஒரு இடம் போட்டு வைக்கச் சொல்லு. நான் வேகமா நடப்பேன், மறியல்ல நான்தான் எப்பவும் முன்னாடி. வேற என்னென்ன கொண்டுவரணும்னு எழுது.

ஹைமி

*

ஹாலண்டேல்
6 அக்டோபர் 1974

அன்புத் தம்பிக்கு,

நீ வரும் செய்தி எங்களுக்கு மருந்து போல் இருந்தது. லூயி சோஃபாவின் ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்து, "இவனுக்கு இது போதும்," என்றார். அவ்வளவு நல்ல மனநிலையில் இருக்கிறார்.

நீச்சல் உடை, தொப்பி, ரப்பர் செருப்பு கொண்டுவா. அங்கே ஒரு நல்ல பேகல் கிடைத்தால் அதையும். கஸ்ஸி உனக்கு இடம் போட்டுவிட்டாள், லூயிக்கு நேர் பின்னால். அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

நீ வேகமாக நடப்பவன். இங்கே அப்படி நடக்காதே. போன டிசம்பரில் வாசலில் சுற்றியபோது இந்த வரிசை எப்படிப் போனது என்று நான் பார்த்தேன். கஸ்ஸி ஊதினால் இடுப்பு மாற்றியவர்கள்கூட ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். தண்ணீருக்குள் வந்த பிறகு வரிசை மிக மெதுவாகப் போகிறது. முதலில் தண்ணீர்தான் இழுக்கிறது என்று நினைத்தேன். ஒரு நாள் எனக்குத் தலைவலி. மாடியிலேயே நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு லூயியை மேலே அனுப்பினார்கள். அவர் மின்தூக்கிக்குள் போய்க் கதவு மூடியதும் கஸ்ஸி இரண்டு தடவை ஊதினாள். மொத்த வரிசையும் வாத்துக் கூட்டம் போல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சுற்றியது.

யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. யாரும் என்னிடமும் சொல்லவில்லை. ஒன்பதிலிருந்து பத்து வரை அவரை ஒருவரும் முந்துவதில்லை, அவ்வளவுதான். அவர் நின்றால் எல்லோரும் நிற்கிறார்கள். யாராவது கண்ணாடியைத் துடைப்பார்கள், யாராவது அட்டையைக் கை மாற்றுவார்கள். அவர் அடி எடுத்து வைத்ததும் வட்டம் நகர்கிறது. தினமும் மேலே வந்து துவாலையால் தலையைத் துடைத்துக்கொண்டே லூயி என்னிடம் சொல்கிறார்: "பாத்தியா மின்னா, அவங்களுக்கு நான் ஈடு குடுக்கறேன்."

ஆகவே பின்னால் நில். அவர் போகிறபடி போ.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காராதே, காற்று ஆகாது. இந்தக் கடிதத்தை அங்கேயே வைத்துவிட்டு வா.

உன் அக்கா,
மின்னா